சிவப்பு அடித்த இடம்

இதைக் கொஞ்சம் விரலால் தடவிப் பாருங்க. சாவிக்கொத்தில் மாட்டியிருக்கிறேனே, இந்தச் சின்னத் தகடு, இதைத்தான். முதலில் இந்தப் பக்கம். உப்புத்தாள் மாதிரி இருக்குதா? இப்போது அந்தப் பக்கம் தடவுங்க. உங்க முகமே தெரியும் பாருங்க. இரண்டும் ஒரே தகடுதானுங்க. பாதியை அப்படியே விட்டுவிட்டு, மீதிப் பாதிக்கு நான் பளபளப்பு ஏற்றியது. கழற்றியே தர்றேன், கையிலேயே வச்சுக்குங்க, பரவாயில்லை. பொள்ளாச்சி போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் இருக்குது. நீங்களும் உடுமலைதானே? நல்லதாப் போச்சு.

டைட்டானியம் என்று ஒரு உலோகம். அது எங்க கம்பெனிக்குப் பொடியாக வரும். கோலமாவைவிட நைசு. ஒரு மெஷின் அந்தப் பொடியை மெல்லிசாகப் பரப்பும். மேலேயிருந்து லேசர் இறங்கி, வேண்டிய இடத்தை மட்டும் உருக்கும். அதன்மேல் மறுபடி பொடி, மறுபடி லேசர். இப்படி ஆயிரம் இரண்டாயிரம் படலம். கடைசியில் பொடியை ஒதுக்கினால் உள்ளே பொருள் உட்கார்ந்திருக்கும், மண்ணுக்குள் கிழங்கு இருக்கிற மாதிரி. ஆனால் மேலெல்லாம் கரடு. அந்தக் கரட்டைப் போக்குவதுதான் என் மெஷின். அதுவும் லேசர்தானுங்க. தேய்க்கிறது கிடையாது, சுரண்டுகிறது கிடையாது. மேல்தோலை மட்டும், ஒரு முடியின் கனம்கூட இருக்காது, கண் இமைக்கிற நேரத்துக்கு உருக்கிவிடும். மேடெல்லாம் தானாக ஓடிப் பள்ளத்தில் நின்று இறுகிக்கொள்ளும். ஒரு பொட்டு எடுக்கவும் இல்லை, சேர்க்கவும் இல்லை, ஆனால் கண்ணாடி.

அதுக்கு முன்னே பம்பு கம்பெனியில் பஃபிங் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றிக்கொண்டு நின்றவன் நான். சாயங்காலம் காறித் துப்பினால் கறுப்பாக வரும். அங்கிருந்து இந்த மெஷினுக்கு வந்து பதினோரு வருசம். என் கையிலிருந்து ஒரு பொருள் கரடாக இருக்கிறது என்று திரும்பி வந்ததில்லை. இதைச் சத்தியமாகச் சொல்வேன்.

என் மாப்பிள்ளைக்கு, அதாவது என் தங்கச்சி பூங்கொடியின் வீட்டுக்காரருக்கு, இதையெல்லாம் ஒருநாள் விளக்கினேன். சென்னியப்பன் என்று பேர். அவர் என்ன கேட்டார் தெரியுங்களா? “அப்ப ஒண்ணும் எடுக்காம, ஒண்ணும் சேக்காம, சம்பளம் மட்டும் எடுத்துக்கறீங்க. அப்பிடித்தானே மச்சான்?”

அப்படிப்பட்ட வாய். தக்காளி மண்டியில் ஏலம் கூவுகிறவர். மைக் வேண்டாம். ஒரு தரம் என்றால் மண்டிக்கு வெளியே டீக்கடையில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். புகையிலையை இடது கன்னத்தில் அதக்கிக்கொண்டே அந்தக் குரல் கொடுப்பார்.

அந்த வாயால் என்னை ஒருதரம் ஏலம் விட்டாருங்க.

அவர் மகள் பெரியவளானதுக்குத் திரட்டிச் சீர். தாய்மாமன் நான்தானே, நான் சீர்த்தட்டு கொண்டுபோனால்தான் பெண்ணை மணையில் உட்கார வைப்பார்கள். அன்றைக்குப் பார்த்து மெஷினில் ஒரு அவசர வேலை, பாதியில் நிறுத்தினால் பொருள் பாழ். முடித்துவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேருகிறேன், பந்தியே முடிந்துபோயிருக்கிறது. எனக்குப் பங்காளி முறையில் யாரோ ஒருத்தரை நிறுத்திச் சீரை முடித்துவிட்டார்கள். நான் ஒற்றைத் தட்டோடு பந்தலுக்குள் நுழைகிறேன். இவர் நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு, “மாமஞ் சீரு ஒரு தரம்! மாமஞ் சீரு ரெண்டு தரம்! கேக்கறதுக்கு ஆளில்லை, மூணு தரம்!” என்றார். பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. வேடிக்கையாகப் பேசுகிறவர், அவ்வளவுதான். ஒன்பது வருசம் ஆகிறது, நான் அதை நினைப்பதே இல்லை.

பூங்கொடிதான் அன்றைக்குத் தட்டை வாங்கி வைத்துக்கொண்டு, “நீ வந்ததே போதும்ண்ணா, சாப்புடு வா” என்றாள்.

போன வருசம் அவருக்கு அந்த இடது கன்னத்துக்குள்ளேயே ஒரு புண். ஆறவில்லை. கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து, கீழ்த்தாடையில் இவ்வளவு தூரம் எடுத்துவிட்டு, உலோகத் தாடை வைக்கவேண்டும் என்றுவிட்டார்கள். டாக்டர் நல்ல மனுசன். பூங்கொடியை உட்கார வைத்து ஒரு மாதிரியைக் காட்டி, எங்கே வழவழப்பாக இருக்கும், எங்கே கரடாக இருக்கும், எதில் எலும்பு வளர்ந்து பிடிக்கும் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னாராம். அவளுக்கு என்ன புரிந்திருக்கும். எட்டாவது படித்தவள்.

எங்களுக்கு வருகிற வேலையில் ஆள் பேர் இருக்காதுங்க. வெறும் நம்பர்தான். கூடவே பிளாஸ்டிக்கில் அந்த ஆளின் தாடை மாதிரி ஒன்று வரும். பல்லெல்லாம் அச்சு அசலாக இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு தாடை வந்தது. எடுத்துப் பார்க்கிறேன், கீழ் முன்பல் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பார்த்தேன். அந்தப் பல்லை நான் இருபத்தைந்து வருசமாகப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம்.

கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். வேறு ஆள் செய்தால் வேலையாகச் செய்வான். நான் செய்தால் அப்படியா?

திரையில் அவருக்கு வைக்கப்போகிற உலோகத் தாடை வந்தது. மேற்பரப்பு முழுக்கப் பச்சை. கன்னமும் நாக்கும் படுகிற இடம், பளபளப்பு ஏற்றவேண்டும். இரண்டு நுனியிலும், எலும்பின்மேல் உட்காருகிற இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்பு. சிவப்பு அடித்திருந்தால் தொடக்கூடாது, கரடாகவே விட்டுவிட வேண்டும். ஏன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் கரட்டுக்குள்தான் எலும்பு புகுந்து பிடித்துக்கொள்ளுமாம். பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நீங்களே சொல்லுங்க, ஆறு ஸ்க்ரூ போட்டு முடுக்குகிறார்கள். ஸ்க்ரூ பிடிக்காததையா எலும்பு வந்து பிடித்துவிடப் போகிறது?

பச்சையெல்லாம் முடித்தேன். கண்ணாடி. கையில் வைத்துப் பார்க்கிறேன், இரண்டு நுனி மட்டும் சாம்பல் பூத்த மாதிரி, கரடாக. கட்டைவிரலால் தடவினேன். மனசு கேட்கவில்லைங்க. என் தங்கச்சி புருசன் வாய்க்குள் உப்புத்தாளை வைத்தா அனுப்புவேன்? சீர்த்தட்டில் ஒரு பக்கம் மட்டும் பூ வைத்துவிட்டு, மறுபக்கம் வெறுந்தட்டாகக் கொண்டுபோவோமா? நாலு பேர் என்ன சொல்வார்கள்? அவரேதான் என்ன சொல்வார், அந்த வாயால்?

மெஷினில் சிவப்பைப் பச்சையாக மாற்ற இரண்டே தட்டு. காற்றுப் படாமல் இருக்க ஆர்கான் வாயுவைத் திறந்துவிட்டு ஓட விட்டேன். ஏழு நிமிசம். கதவைத் திறந்து எடுத்தால், என்னத்தைச் சொல்வேன், நுனியிலிருந்து நுனி வரைக்கும் தண்ணீர் உறைந்து நின்ற மாதிரி. பதினோரு வருசத்தில் அப்படி ஒரு வேலை நான் செய்ததில்லை.

தரம் பார்க்கிற பொண்ணு ஒன்று, கீர்த்திகா. இரண்டு வருசம்தான் ஆகிறது வேலைக்கு வந்து. அது எடுத்துப் பார்த்துவிட்டு, “ஏனுங்கண்ணா, நுனியும் மின்னுது?” என்றது.

“புது வரைபடம் வந்துருக்குது கண்ணு. சிஸ்டத்துல இன்னும் ஏத்துல. நீ கையெழுத்துப் போடு, நான் பாத்துக்கறேன்.”

என்னை அண்ணா அண்ணா என்று கூப்பிடுகிற பொண்ணு. போட்டுவிட்டது. கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம். இந்தக் காலத்துப் பிள்ளைகள் யார் என்ன சொன்னாலும் நம்பிவிடுகின்றன.

ஆபரேசன் நன்றாக முடிந்தது. ஒரு மாசம் கழித்துப் போய்ப் பார்க்கிறேன், மனுசன் பேசுகிறார்! குரல் கொஞ்சம் குழறல், அவ்வளவுதான். அப்போதுதான் சொன்னேன், இது நான் செய்தது என்று. பூங்கொடி அழுதுவிட்டாள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொல்கிறார், “சரியான ஆளுங்க மச்சான் நீங்க. சீரக் கொண்டாந்து வாய்க்குள்ளயே வச்சுட்டீங்களே. இனி ஒங்களத் திட்டோணும்னாலும் ஒங்க சீர வச்சுத்தானே நாந் திட்டோணும்!”

மூன்று பேரும் சிரித்தோம். எனக்கு ஒன்பது வருசம் ஒரே நொடியில் இறங்கிவிட்டது. அந்த சந்தோசத்தில், “நுனி வரைக்கும் ஏத்தியிருக்கறேன் மாப்பிள்ளை. ஒரு எடம் விடுல. அவங்க வேண்டாம்னு விட்ட எடங்கூட நான் விடுல” என்றேன். பூங்கொடி டம்ளரில் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது மாசம் தயிர்சோறு சாப்பிடும்போது உள்ளே டக் டக் என்று ஆடுகிறது என்றாராம். அப்புறம் கன்னம் வீங்கியது. சீழ் வைத்தது. மறுபடி கொண்டுபோய்த் திறந்து, தாடையைக் கழற்றிவிட்டார்கள். எலும்பு துளிகூட ஒட்டவில்லையாம். ஸ்க்ரூவைக் கழற்றினதும் சோப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். அவ்வளவு சுத்தமான வேலை. ஆனால் பாருங்க, அவர் உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை. சில உடம்பு அப்படி. புகையிலை போட்ட உடம்பு வேறு.

அதற்கப்புறம் மூக்கில் குழாய். கஞ்சித் தண்ணீர்தான். பேச்சு இல்லை. நான் போனால் கட்டில் சட்டத்தை விரலால் தட்டுவார். ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்று தட்டு. ஏலம் விடுகிறாராம் என்னை. நானும் சிரிப்பேன். புரட்டாசியில் கடைசியாகப் போனபோது ஒரு தட்டு தட்டினார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு. நான் மூன்றாவதுக்குக் காத்துக்கொண்டிருந்தேன். விரல் அப்படியே நின்றுவிட்டது. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். தூங்கத்தான் செய்தார் அப்போது. மறுநாள் போய்விட்டார்.

நோய்தானுங்க. நோய்தான் காரணம். நான் டாக்டரைக் கேட்கவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன். நல்ல நூல், கண்ணுக்கு இதமான நிறம். இன்னும் கடையில் குத்தின ஊசியைக்கூட எடுக்காமல் பீரோ மேலேயே வைத்திருக்கிறாள். சேலையைப் பத்திரமாக வைத்து உடுத்துகிறவள் அவள். இப்போதெல்லாம் எனக்கு மரியாதை வேறு கூடிவிட்டது. முன்னே “வாண்ணா, உக்காருண்ணா” என்பாள். இப்போது “வாங்க, உக்காருங்க.” அண்ணா என்கிறதே வருவதில்லை. வயசாகிறது, இல்லீங்களா.

அந்தத் தாடையை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வந்துவிட்டாள். அவர் படத்துக்கு முன்னால், கண்ணாடித் தட்டில், சந்தனம் குங்குமமெல்லாம் வைத்து. துக்கம் கேட்க வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுவாள். “எங்கண்ணன் செஞ்சது. தொட்டுப் பாருங்க, எத்தனை வழவழப்புன்னு.” நான் போனாலும் என் கையில்தான் கொடுப்பாள். “இந்த ரெண்டு நுனியையுந் தொட்டுப் பாருங்க” என்பாள். என் முகத்தையே பார்ப்பாள். என் வேலைமேல் அவளுக்கு அவ்வளவு பெருமை.

ஒருதரம் மட்டும் கேட்டாள். “டாக்டரு இந்த நுனி சொரசொரன்னு இருக்கோணும்னு சொன்னாருங்க. இது இப்பிடி இருக்குதே, எதனால?”

“ஒடம்புக்குள்ளயே கெடந்து தேஞ்சுருக்கும் கண்ணு” என்றேன்.

“மூணு மாசத்துலயா?” என்றாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள். சோறு போட்டாள். அவள் சாப்பிடவில்லை, விரதம் போலிருக்கிறது.

இப்போது எதற்குப் போகிறேன் என்று கேளுங்க. ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏன் ஒட்டவில்லை என்று கம்பெனிக்குக் கடிதம் போட்டுவிட்டார்கள். விசாரணை. தாடையைக் கொண்டுவந்து அளந்து பார்க்கவேண்டும் என்கிறார்கள். அது வருகிற வரைக்கும், கையெழுத்துப் போட்டது கீர்த்திகா என்பதால் அந்தப் பொண்ணை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பாவமுங்க, அப்பா இல்லாத பொண்ணு. அது மேனேஜரிடம், “அண்ணன்தான் புது வரைபடம்னு சொன்னாங்க” என்றதாம். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “ஞாபகமில்லைங்க” என்றேன். அத்தனை வேலை வருகிறது, எதென்று ஞாபகம் வைப்பது?

கடிதத்தில் பேர் வந்த பிறகுதான் அவர் எனக்குச் சொந்தம் என்று சொன்னேன், என்னையே போய் வாங்கி வரச் சொன்னார்கள். இரண்டு தரம் போனேன். வந்து, “தர மாட்டேங்கறா, பூசையில வச்சுருக்கறா” என்று சொன்னேன். அவளை நான் கேட்கவில்லைதான். கேட்டால் தந்துவிடுவாள். அதனால்தான் கேட்கவில்லை.

இப்போது ஒரு யோசனை வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தவன் ஒருத்தன் மணல் பீய்ச்சுகிற பட்டறை வைத்திருக்கிறான். சிவப்பு அடித்த இடம் இரண்டையும் அவனிடம் கொடுத்தால், ஐந்து நிமிசத்தில் கரடாக்கித் தந்துவிடுவான். அதற்கப்புறம் கம்பெனியில் கொடுத்தால் எல்லாம் அளவுக்குச் சரியாக இருக்கும். கீர்த்திகாவுக்கும் வேலை கிடைத்துவிடும். டாக்டருக்கும் மனசு ஆறும். பூங்கொடியும் உடம்பு ஏற்கவில்லை என்று விட்டுவிடுவாள். யாருக்கும் எந்தக் கரடும் இல்லாமல் முடிந்துபோகும். நான் எனக்காகவா பார்க்கிறேன்?

ஆனால் காலையில் பூங்கொடியே போன் செய்தாள். “நீங்க வர வேண்டாமுங்க. நானே கொண்டாந்து கம்பெனில குடுத்தர்றேன்” என்கிறாள். போன வாரம் கீர்த்திகா அவள் வீட்டுக்குப் போயிருந்ததாம். துக்கம் கேட்கத்தான் போயிருக்கும், நல்ல பொண்ணு. சாயங்காலம் வரை இருந்துவிட்டு, அழுதுகொண்டே போனதாம். எனக்கு எதற்கு அலைச்சல் என்று பூங்கொடி நினைக்கிறாள் போல. அவள் எப்படியும் மாட்டுக்குத் தீனி போட்டு, சமைத்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல்தான் கிளம்புவாள். அதற்குள் நான் போய் நின்றுவிட்டால், “எதுக்குக் கண்ணு நீ அலையறே” என்று வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

பொள்ளாச்சி வந்துவிட்டதுங்க. பத்து நிமிசம் நிற்பான் இங்கே. நீங்க இறங்கி டீ குடிப்பதானால் குடிங்க, நான் பையைப் பார்த்துக்கொள்கிறேன்.

இருங்க.

இருங்க இருங்க. பக்கத்தில் நிற்கிறதே, கோயமுத்தூர் வண்டி. அந்த ஜன்னல். இல்லை, அதற்கு முந்தின ஜன்னல். அதுதானுங்க பூங்கொடி. மடியில் மஞ்சப் பை. இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள் பாருங்க, குழந்தையைப் பிடித்த மாதிரி.

என்னைப் பார்த்துவிட்டாள்.

சிரிக்கவில்லை. வெயில் கண்ணில் அடிக்கிறது, அதனால் இருக்கும். என்னவோ காட்டுகிறாள். பக்கத்து சீட்டைக் கையால் தட்டுகிறாள், பாருங்க. என்னையே பார்த்துக்கொண்டு தட்டுகிறாள். சீட்டுக் காலியாக இருக்கிறதாம். கூட்டமில்லை, சௌகரியமாகத்தான் போகிறேன் என்று சொல்கிறாள். நான் கவலைப்படுவேன் என்று.

வாயசைக்கிறாள். இந்தக் கண்ணாடி வேறு திறக்க மாட்டேன் என்கிறது. அண்ணா என்கிறாளா? அண்ணா என்றுதான் சொல்கிறாள், இல்லீங்களா? உங்களுக்கும் அப்படித்தானே தெரிந்தது? எத்தனை நாள் ஆயிற்று. மறுபடி தட்டுகிறாள். ஒன்று. இரண்டு.

இல்லைங்க, இறங்கவில்லை. இறங்கி என்ன செய்ய? டிக்கெட் உடுமலைக்கு எடுத்தாயிற்று. அதுவுமில்லாமல் அந்த வண்டி இதோ கிளம்புகிறது, ஓடிப்போய் ஏறுகிற வயசா எனக்கு?

கையை எடுத்துவிட்டாள். பையை அந்தக் காலி சீட்டில் வைத்துவிட்டாள். முன்னால் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

போகிறது, போகிறது. போய்விட்டது.

நான் எங்கே போகிறேன் என்றா கேட்கறீங்க? பூங்கொடி வீட்டுக்குத்தானுங்க. பூட்டித்தான் இருக்கும், தெரியும். பரவாயில்லை. வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் எத்தனை நேரமானாலும் வந்துதானே ஆகவேண்டும்.

அந்தத் தகட்டை நீங்களே வச்சுக்குங்க. இல்லை, வேண்டாமுங்க, எனக்கு வேண்டாம். கை நீட்டாதீங்க. வச்சுக்குங்க.